அன்னக்கிளி வந்த வெள்ளிக்கிழமை

எதற்கும் ஒரு நாள் குறித்துவிட வேண்டும் என்ற ஆசை மனிதர்களுக்கு உண்டு. கல்யாணத்துக்கும் கடன் பத்திரத்துக்கும் நாள் வேண்டியதுதான். சங்கீதத்தின் சரித்திரத்துக்கு அப்படி நாள் குறிக்க முடியுமா என்று அமெரிக்கர்களைக் கேட்டால், தயக்கமில்லாமல் முடியும் என்பார்கள். 1964 பிப்ரவரி 9 அன்று இரவு எட் ஸல்லிவன் நடத்திய டெலிவிஷன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் என்னும் நாலு ஆங்கிலேயப் பையன்கள் பாடினார்கள். சுமார் 7 கோடியே 30 லட்சம் பேர் ஒரே சமயத்தில் பார்த்தார்கள். மறுநாள் காலையில் தேசத்தின் காது மாறிவிட்டது என்று அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்ல. தமிழ் சினிமாப் பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஐந்து நிமிஷத்துக்குள் யாராவது ஒருவர் 1976 மே 14 என்று சொல்லிவிடுகிறார். அது ஒரு வெள்ளிக்கிழமை. 'அன்னக்கிளி' படம் வெளியான நாள். பண்ணைப்புரத்திலிருந்து வந்த ராசையா என்ற இளைஞர் இளையராஜா என்ற பெயரோடு திரையில் தெரிந்த முதல் நாள். "கிராமம் அன்றைக்குத்தான் சினிமாவுக்குள் வந்தது" என்று என் நண்பர் ஒருவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லுவார். அவர் சங்கீதத்தில் நல்ல ரசனை உள்ளவர். ஆனால் இந்த விஷயத்தில் அவரோடு எனக்குப் பாதி உடன்பாடுதான். மற்றப் பாதியைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

நாள், கிழமை பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இளையராஜா பிறந்தது 1943 ஜூன் 3. ஆனால் பிறந்த நாளைக் கொண்டாடுவது ஜூன் 2. ஜூன் 3 கலைஞர் கருணாநிதிக்கும் பிறந்த நாள். அந்த நாளை அவருக்கே விட்டுவிட வேண்டும் என்று தம்முடையதை ஒரு நாள் முன்னால் தள்ளிக்கொண்டார். ஆக, சம்பந்தப்பட்ட மனிதரே தேதியை அவ்வளவு பெரிதாக நினைக்கவில்லை. நாம்தான் நினைக்கிறோம்.

முதலில் அந்த வெள்ளிக்கிழமை எப்படிப்பட்ட நாள் என்று பார்க்கலாம். நெருக்கடி நிலை அமலில் இருந்த காலம். 1975 ஜூன் கடைசியில் அது பிரகடனமாயிற்று. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. மந்திரிசபை கலைக்கப்பட்டது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. பொதுக்கூட்ட மேடைகள் அடங்கிக் கிடந்தன. அப்படிப்பட்ட கோடையில், வண்ணப் படங்கள் பெருகி வந்த சமயத்தில், கறுப்பு வெள்ளையில் ஒரு சின்னப் படம் வந்தது. தேவராஜ், மோகன் இருவர் டைரக்‌ஷன். சுஜாதாவும் சிவகுமாரும் நடித்தார்கள். முதல் நாட்களில் கொட்டகைகள் நிரம்பவில்லை, பாட்டுகள்தான் பிறகு ஜனங்களை இழுத்து வந்தன என்று படத்தோடு சம்பந்தப்பட்டவர்களே பின்னால் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் மே 14 அன்று என்னதான் நடந்தது? கொஞ்சம் பேர் ஒரு படம் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். நம் ஊரில் ஒரு சினிமாப் பாட்டு ஒரே நாளில் எல்லார் காதிலும் விழுவது அந்தக் காலத்தில் சாத்தியமே இல்லை. படப்பெட்டி பெரிய பட்டணங்களில் ஓடி முடித்துத்தான் சின்ன ஊர்களுக்கு வரும். பிறகு டூரிங் கொட்டகைகளுக்கு வரும். வருவதற்குள் படம் மழை பெய்கிற மாதிரி கோடு கோடாக ஆகியிருக்கும். பாட்டு மட்டும் முன்னாலேயே வந்துவிடும். இசைத்தட்டு கடைக்கு வரும். அங்கிருந்து ரேடியோ செட்டுக்காரரிடம் வரும். அவர் புளியமரத்தில் குழாயைக் கட்டினால் ஊர் முழுவதும் கேட்கும். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, அம்மன் கோயில் கொடை எல்லாவற்றுக்கும் அதே தட்டுத்தான். டீக்கடைகளில் இலங்கை வானொலி. கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்குச் சித்திரைக் கடைசியில் வீரபாண்டிக் கௌமாரியம்மன் திருவிழா. அங்கே பத்துக் குழாய்கள் பத்துப் பாட்டைப் பாடினால் எது எந்தப் படம் என்று பிரித்துக் கேட்பதே ஒரு வித்தை. இப்படிச் சிறுகச் சிறுக, ஊர் ஊராக, மாதக் கணக்கில் நடந்த ஒரு காரியத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமையைப் பெயராக வைத்திருக்கிறோம். வசதிக்காக வைத்த பெயர் என்று ஒப்புக்கொண்டால் எனக்குத் தகராறு இல்லை.

கிராமியப் பாட்டு அன்றுதான் சினிமாவுக்கு வந்தது என்கிறார்களே, அதில்தான் தகராறு. 1957இல் வந்த 'மக்களைப் பெற்ற மகராசி'யில், மணப்பாறை மாட்டைப் பற்றி மருதகாசி எழுதி, கே.வி. மகாதேவன் மெட்டமைத்து, டி.எம். சௌந்தரராஜன் பாடிய பாட்டைக் கேட்காத காது உண்டா? அதில் மண் வாசனை இல்லையா? பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல் காலமாவதற்குள் எழுதி வைத்துவிட்டுப் போனதெல்லாம் என்ன? 1972இல் 'பட்டிக்காடா பட்டணமா' வந்தபோது விசுவநாதன் போட்ட மெட்டுகளுக்குக் கொட்டகையில் விசில் பறக்கவில்லையா? ஹிந்திப் பாட்டுகள் டீக்கடையைப் பிடித்துக்கொண்டிருந்தன, 'அன்னக்கிளி' வந்து அவற்றை விரட்டியது என்று இன்னொரு கதையும் உண்டு. 'ஆராதனா'வும் 'பாபி'யும் இங்கே அமர்க்களமாக ஓடியது வாஸ்தவம். ஆனால் விசுவநாதன் என்ற மகா கலைஞர் அப்போது தூங்கிக்கொண்டிருக்கவில்லை. ஒருவரை உயர்த்துவதற்காக இன்னொருவரை மட்டம் தட்டுவது சங்கீத ரசிகர்களுக்கு இருக்கிற பழைய வியாதி.

அப்படியானால் அந்த நாளில் புதியதாக ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அதைப் பார்க்கப் பட்டணத்தை விட்டுவிட்டுப் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும்.

இன்றைக்குத் தேனி மாவட்டம் என்கிறோம். 1996க்கு முன் அது மதுரை மாவட்டத்தின் மேற்குக் கோடி. மூன்று பக்கமும் மலை. 1895இல் பெரியாற்று அணையைக் கட்டி முடித்து, மேற்கே போய்க்கொண்டிருந்த தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். அதன் தயவில் பள்ளத்தாக்கில் மட்டும் 14,700 ஏக்கர் அளவில் இரண்டு போகம் விளைகிறது. இரண்டு போகம் என்றால் இரண்டு நடவு, இரண்டு அறுப்பு. நடவுக்குப் பெண்கள் வரிசையாகக் குனிந்தால் பாட்டு இல்லாமல் இருக்குமா? மலைக்கு மேலே ஏலத் தோட்டங்கள், தேயிலைத் தோட்டங்கள். அங்கே வேலைக்குப் போகிறவர்கள் ஒரு தினுசான பாட்டைக் கொண்டுபோய், வேறொரு தினுசான பாட்டோடு திரும்பி வருவார்கள். உத்தமபாளையத்திலிருந்து கோம்பை வழியாகத் தேவாரத்துக்குப் போகிற சாலையில், வயல்வெளியை விட்டு மலையடிவாரத்துப் பக்கம் ஒதுங்கியிருக்கிற ஊர் பண்ணைப்புரம். ராமசாமி, சின்னத்தாயம்மாள் தம்பதிகளின் வீடு அங்கே. அந்தத் தாயிடம் கேட்ட பாட்டுகளைத்தான் தாம் மறக்கவே இல்லை என்று மகன்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தக் குடும்பத்தில் மூத்தவர் பாவலர் வரதராஜன். கம்யூனிஸ்ட் கட்சியின் மேடைப் பாடகர். ஹார்மோனியமும் தபேலாவுமாகத் தம்பிகளைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாடினார். ராசையா, பாஸ்கர், அமர் மூவரும் வளர்ந்தது அந்த மேடையில்தான். 1958இல் மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளத்தில் ஓர் இடைத்தேர்தல் நடந்தது. 1957இல் கேரளத்தில் நம்பூதிரிபாடு தலைமையில் மந்திரிசபை அமைந்திருந்தது. பெரும்பான்மை மயிரிழையில் நின்றது. தேவிகுளத்தில் ஜெயித்திருந்த ரோசம்மா புன்னூஸின் தேர்தலைச் செல்லாது என்று தீர்ப்பாகிவிட்டதால் மறுபடியும் போட்டி. ஓட்டுப் போடுகிறவர்களில் தோட்டத் தொழிலாளர்களாகிய தமிழர்கள் ஏராளம். அவர்களிடம் மலையாளப் பிரசங்கம் செய்து என்ன பிரயோஜனம்? பாவலர் மலையேறினார். பாடினார். ரோசம்மா புன்னூஸ் மறுபடியும் ஜெயித்தார்.

பாவலர் பாடிய முறைதான் என் கட்டுரைக்கு முக்கியமான விஷயம். அப்போது எல்லார் வாயிலும் இருந்த சினிமா மெட்டுகளை எடுத்துக்கொள்வார். அவற்றில் சினிமாக்காரர் எழுதிய வார்த்தைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, கூலி உயர்வையும் நில உச்சவரம்பையும் ஆளும் கட்சியின் காளைமாட்டுச் சின்னத்தையும் பற்றித் தம் வார்த்தைகளைப் போடுவார். மெட்டு ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஆகையால் வார்த்தை மட்டும் நேரே போய்த் தைக்கும். கெட்டிக்காரத்தனமான காரியம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1958இல் மெட்டு பட்டணத்தில் பிறந்தது. வார்த்தை பள்ளத்தாக்கில் பிறந்தது. கோடம்பாக்கத்திலிருந்து கம்பத்துக்குப் பாட்டு ஒருவழிப் பாதையில் வந்துகொண்டிருந்தது; வருகிற வழியில் சட்டையை மாற்றிக்கொண்டது.

அதே 1958இல் வேறொரு காரியமும் நடந்தது. பெர்சி மாக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி சேர்த்து வைத்திருந்த நாடோடிப் பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்து, தஞ்சை சரசுவதி மகால் வெளியீடாக 'மலையருவி' என்ற புஸ்தகம் வந்தது. 1964இல் நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' வந்தது. இரண்டும் அருமையான காரியங்கள். இவர்கள் இல்லாவிட்டால் எத்தனையோ பாட்டுகள் பாட்டிமார்களோடு போயிருக்கும். ஆனால் புஸ்தகத்தைப் பிரித்தால் என்ன இருக்கிறது? வார்த்தை இருக்கிறது. மெட்டு இல்லை. தெம்மாங்கை அச்சில் படிப்பது என்பது சாப்பாட்டுக்குப் பதிலாகச் சமையல் குறிப்பைப் படிப்பது மாதிரி. எங்கே இழுக்க வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும், எந்த இடத்தில் எதிர்க்குரல் வந்து சேர வேண்டும் என்பதையெல்லாம் அச்சுக்கோர்ப்பவரால் கோர்க்க முடியாது.

ஆக, பண்டிதர்கள் வார்த்தையைக் காப்பாற்றினார்கள், மெட்டு போயிற்று. பாவலர் புது வார்த்தையைக் கொடுத்தார். அதற்கு மெட்டு சினிமாவிலிருந்து வந்தது. நடவு நட்டுக்கொண்டிருந்தவளின் மெட்டை எடுத்துப் போற்றுவார் இல்லை. 1976 மே 14 அன்று நடந்தது என்ன என்று என்னைக் கேட்டால், அந்த ஒருவழிப் பாதையில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வண்டி வந்தது என்பேன். மெட்டு பள்ளத்தாக்கிலிருந்து பட்டணத்துக்குப் போயிற்று. முன்னால் போனதே இல்லை என்று சொல்லமாட்டேன். மகாதேவன் போன்றவர்கள் அங்கே இங்கே ஒன்றிரண்டைக் கையோடு எடுத்துப் போயிருக்கிறார்கள். ஆனால் விருந்தாளியாக ஒரு நாள் வந்து போவது வேறு, வீட்டையே எழுதி வாங்குவது வேறு.

எப்படி வாங்கினார் என்று பார்க்க வேண்டும். 1960களின் கடைசியில் சகோதரர்கள் பட்டணத்துக்கு வந்தார்கள். ராசையாவுக்குத் தன்ராஜ் மாஸ்டர் என்ற ஆசிரியர் கிடைத்தார். மயிலாப்பூரில் ஓர் அறையில் இருந்துகொண்டு மேற்கத்திய சங்கீதம் சொல்லிக்கொடுத்தவர். பாக், பீதோவன் எல்லாம் அந்த அறையில் அறிமுகம் ஆனார்கள். கிதாரும் பியானோவும் கற்றுக்கொண்டு, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, வாத்தியக்காரர்களுக்கு ஸ்வரக் குறிப்பு எழுதிக் கொடுத்து, வேலை பழகினார். கதாசிரியர் ஆர். செல்வராஜ் இவரைப் பஞ்சு அருணாசலத்திடம் கூட்டிக்கொண்டு போனார். ராசையா மேஜையில் தாளம் தட்டிக்கொண்டே பாடிக் காட்டினார். அந்தப் பாட்டுகளுக்கு இடம் கொடுக்கும் ஒரு கதை வேண்டும் என்று பஞ்சு காத்திருந்தார், செல்வராஜிடமிருந்தே ஒரு மருத்துவச்சியின் கதை வந்தது என்பது பலரும் சொன்ன வரலாறு. இளையராஜா என்ற பெயரும் பஞ்சு வைத்ததுதான், ஏ.எம். ராஜா என்று ஒருவர் ஏற்கெனவே இருந்தபடியால் இவர் இளையவர் ஆனார்.

இதிலே ஒரு வேடிக்கை. பள்ளத்தாக்கின் பாட்டு என்கிறோம். வார்த்தை எழுதிய பஞ்சு அருணாசலம் காரைக்குடிச் சீமைக்காரர், கண்ணதாசனின் அண்ணன் மகன். படத்தின் பெரும்பகுதியை எடுத்தது சத்தியமங்கலத்துக்கு மேலே தெங்குமரஹாடாவில். பாடிய எஸ். ஜானகிக்குத் தாய்மொழி தெலுங்கு. அன்னமாக நடித்த சுஜாதா இலங்கையில் பிறந்த மலையாளி. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது மெட்டு மட்டும்தான். ஆனாலும் கேட்டவர்கள் எல்லோரும் அது தங்கள் ஊர் என்று நினைத்தார்கள். தஞ்சாவூர்க்காரனும் அப்படி நினைத்தான், திருநெல்வேலிக்காரனும் அப்படி நினைத்தான். மெட்டுக்கு இருக்கிற சக்தி அது.

பாட்டுகளுக்கு வருகிறேன். நாலு பாட்டுகள்தான் முக்கியம். அவற்றில் கல்யாண வீட்டுக்கு நெல்லுக் குத்துகிற பெண்களின் பாட்டை நான் முதலில் வைப்பேன். படத்தின் பெயரோடு தொடங்குகிற பாட்டுத்தான் அதிகப் பிரசித்தம். இருந்தாலும் என் அபிப்பிராயம் அதுதான். ஏன் என்றால், குத்துப்பாட்டு என்பது வேலைப் பாட்டு. ஓர் உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடும்போது, உலக்கை இறங்குகிற இடத்தில் தாளமும் ஏறுகிற இடத்தில் மூச்சும் விழும். ஓர் அடி எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று தீர்மானிப்பது கவிஞன் இல்லை, உலக்கை. மைக்குக்கு முன்னால் நிற்கிற பாடகிக்கு உலக்கையும் இல்லை, மூச்சிரைப்பும் இல்லை. அந்த இடத்தில் வழக்கமாகச் சினிமா சங்கீதக்காரர்கள் என்ன செய்வார்கள்? டோலக்கை ஓங்கி அடித்துவிட்டு, 'இதுதான் கிராமம்' என்று சொல்லிவிடுவார்கள். இளையராஜா அப்படிச் செய்யவில்லை. அடியின் நீளத்தை உலக்கை வைத்த அளவிலேயே விட்டுவிட்டார். ஒரு குரல் சொல்ல, பெண்கள் கூட்டமாக வாங்கிக்கொள்கிற முறையையும் விடவில்லை. உலக்கை கண்ணில் படுவதற்கு முன்பே காதில் படுகிறது.

படத்தின் பெயர்ப் பாட்டில் வேறு விதமான சாமர்த்தியம். வார்த்தை வருவதற்கு முன்னால் ஜானகியின் குரல் மட்டும் எங்கோ தூரத்திலிருந்து வருகிறது. மலையடிவாரத்தில் ஒருவர் கூப்பிட்டால் குரல் மலையில் மோதித் திரும்பி வரும். அதைத் தெரிந்த மனிதன்தான் இப்படி ஆரம்பிக்க முடியும். பிறகு மெட்டு நாலைந்து ஸ்வரங்களுக்குள்ளேயே நடக்கிறது. ஒரு சிறுமியும் பாடிவிடலாம். ஆனால் அடியில் என்ன நடக்கிறது என்று கவனித்துக் கேளுங்கள். தன்ராஜ் மாஸ்டர் அறையில் கற்றது அங்கேதான் இருக்கிறது. வயலின்கள் மெட்டின் கூடவே ஓடிவந்து அதற்குச் சரிகை கட்டவில்லை. தள்ளி நின்று வேறொரு வழியில் போய், ஓர் இடத்தில் மெட்டோடு வந்து சேர்கின்றன. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வருகிற வாத்திய இசை பாடகருக்கு ஓய்வு கொடுப்பதற்காக வைத்த இட்டு நிரப்பலாக இல்லாமல், பாட்டில் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறது. இதே பாட்டைச் சௌந்தரராஜன் குரலிலும் போட்டிருக்கிறார்கள். அது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் குரலில் மேடைக் கம்பீரம் ஏறிக்கொள்கிறது. பாட்டுக்கு ஓர் அந்தஸ்து வந்துவிடுகிறது. ஜானகியிடம் அந்தஸ்து இல்லை, தாபம் மட்டும்தான் இருக்கிறது. சுசீலா பாடிய சோகப் பாட்டு பழைய பாணியை விட்டு அதிக தூரம் போகவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் குரலுக்கு எந்தப் பாணியிலும் குறை கிடையாது.

இவ்வளவும் பாராட்டு. என் நண்பர் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார். என்னால் முடியவில்லை.

மெட்டு பட்டணத்துக்குப் போயிற்று என்றேன். வார்த்தை என்ன ஆயிற்று? வானமாமலை தொகுப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும், நாட்டுப் பாடலில் மச்சான் மட்டும் இல்லை. கங்காணி இருக்கிறான். பண்ணையார் இருக்கிறார். வட்டிக்கடைக்காரன் இருக்கிறான். தோட்டத்துக்குப் போய்க் குளிரிலும் காய்ச்சலிலும் செத்தவர்களுக்கான ஒப்பாரி இருக்கிறது. அளவு மரக்காலில் மோசம் செய்தவனை ஏசுகிற பாட்டு இருக்கிறது. 'அன்னக்கிளி'யில் பெண்கள் நெல் குத்துகிறார்கள். அந்த நெல்லுக்குக் கூலி எவ்வளவு என்ற பேச்சு இல்லை. கல்யாண வீடு, ஆகையால் சந்தோஷமாகக் குத்துகிறார்கள் என்று சொல்லிவிடலாம். சரிதான். ஆனால் அதற்கடுத்த பத்து வருஷங்களில் வந்த நூற்றுக்கணக்கான கிராமத்துப் படங்களிலும் கல்யாண வீடுகளும் ஆற்றங்கரைகளும்தானே அதிகமாக வந்தன? பாவலரின் தம்பி போட்ட மெட்டு. அதே ஹார்மோனியத்தில் கூலி உயர்வைப் பற்றிப் பாடிய விரல்கள். மெட்டு ரயிலேறிப் பட்டணத்துக்கு வந்தபோது, அதோடு சேர்ந்து பிறந்த கோபம் பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டது.

இதை இளையராஜாவின் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் இல்லை, நியாயமும் இல்லை. அவர் வார்த்தை எழுத வரவில்லை. சங்கீதம் போட வந்தார். பஞ்சு அருணாசலத்துக்குக் கதை காதல் கதை. தணிக்கை, நெருக்கடி நிலை எல்லாம் இருக்கிற வருஷத்தில் கூலியைப் பற்றிப் பாட்டு வைத்துப் படம் எடுப்பவர் யார்? மேலும், மெட்டுக்குள்ளேயே கோபம் இருக்க முடியும் என்று ஒருவர் வாதாடலாம். ஏழையின் மெட்டு முதல் தடவையாக வயலின் கூட்டத்துக்கு நடுவில் தலை குனியாமல் நடந்து வந்ததே, அதைவிடப் பெரிய கலகம் வேண்டுமா என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு நான் கொஞ்ச நேரம் பதில் சொல்ல முடியாமல் நின்றிருக்கிறேன். ஆனாலும் பாவலரின் வார்த்தைகளுக்குத் தம்பியின் மெட்டுகள் கிடைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற நினைப்பு என்னை விடவில்லை. பாவலர் அந்த வெள்ளிக்கிழமையைப் பார்க்கவில்லை. சில வருஷங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார். சினிமாவுக்காவது வெளியீட்டுத் தேதி என்று ஒன்று உண்டு. மேடைப் பாட்டுக்கு அது கிடையாது. தேவிகுளத்து லயங்களுக்கு முன்னால் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் எந்தத் தேதியில் எந்தப் பாட்டு முதலில் பாடப்பட்டது என்று காலண்டரில் வட்டம் போட்டு வைத்தவர் யாரும் இல்லை.

பிறகு நடந்தது ஊர் அறிந்த கதை. 1977 செப்டம்பர் 15 அன்று '16 வயதினிலே' வந்தது. டைரக்டர் பாரதிராஜா அல்லிநகரத்துக்காரர், அதே மலைச் சாரல். மலையடிவாரத்துச் சங்கீதத்துக்கு மலையடிவாரத்துக் கண்ணும் கிடைத்தது. அதற்குப் பிறகு போலிகள் கிளம்பினார்கள். எந்தப் படத்தைப் பார்த்தாலும் ஒரு புல்லாங்குழல், தூரத்தில் ஒரு பெண் குரலின் ஆலாபனை, ஒற்றையடிப் பாதை. வைத்தியன் ஒருவன் ஒரு நோயைத் தீர்த்துவிட்டால், எல்லா நோய்க்கும் அதே சூரணத்தைக் கொடுக்கிறவர்கள் பத்துப் பேர் கிளம்பிவிடுவார்கள். இளையராஜா மட்டும் அதற்குள் வேறு இடத்துக்குப் போய்விட்டிருந்தார்.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கத்தில் 'வேலியண்ட்' என்ற அவருடைய சிம்பனியை ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தது. அது சனிக்கிழமை. நம்மவர்கள் உடனே காலண்டரில் அதற்கும் ஒரு வட்டம் போட்டுவிட்டார்கள். போடட்டும். தன்ராஜ் மாஸ்டர் அறையில் ஆரம்பித்த காரியம் ஒன்று அன்றைக்கு முடிந்தது, சந்தோஷமான விஷயம். ஆனால் இரண்டு நாளையும் ஒரே தராசில் வைக்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். லண்டனில் அவர்களுடைய பாஷையில் நாம் பேசிக் காட்டினோம், அவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். 1976இல் அவர்களுடைய வயலின் நம்முடைய நடவு மெட்டைக் கேட்டுக்கொண்டு நின்றது. அருமை எது என்று என்னைக் கேட்டால், இரண்டாவதுதான்.

ஒரு சமயம் போடியிலிருந்து மேட்டுக்குப் போகிற பாதையில் ஏலத் தோட்டத்து ஜீப் ஒன்றில் இடம் கேட்டு ஏறிக்கொண்டேன். பஸ்ஸைத் தவறவிட்டதால் வந்த பாக்கியம். விடியற்காலையில் கீழே இருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய், சாயங்காலம் இறக்கிவிடுகிற ஜீப்புகள் அந்தப் பக்கத்தில் ஏராளம். ஆறு பேர் உட்காருகிற இடத்தில் பதினான்கு பெண்கள், தூக்குச் சட்டிகளோடு. டிரைவர் பழைய பாட்டுகளைப் போட்டார். 'அன்னக்கிளி'யின் நெல்லுக் குத்துப் பாட்டு வந்தது. பின்னால் இருந்தவர்கள் கூடவே பாடினார்கள். பல்லவி எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சரணத்துக்கு வந்ததும் வார்த்தை மறந்து போயிற்று போலிருக்கிறது. நடுவயதுப் பெண் ஒருத்தி நிறுத்தாமல் தானாகவே ஏதோ வார்த்தைகளைப் போட்டுப் பாடினாள். அதில் அவர்கள் தோட்டத்துக் கங்காணியின் பெயர் வந்தது. தராசு என்ற சொல்லும் வந்தது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மிச்சத்தையும் கேட்க வேண்டும் என்று திரும்பி உட்கார்ந்தேன். அதற்குள் கொண்டை ஊசி வளைவு வந்துவிட்டது. டிரைவர் முதல் கியரைப் போட்டார். எஞ்சின் இரைச்சலில் ஒன்றும் காதில் விழவில்லை.